பர்மனென்ட்

மயிலாப்பூரில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 'ஃபண்டு' என்று சொன்னால் பங்குச்சந்தையின் மியூச்சுவல் ஃபண்டை நினைத்துச் சொல்வதில்லை. தெற்கு மாட வீதியில் உள்ள ஓர் அலுவலகத்தைச் சொல்கிறார்கள். 'பொண்ணு கல்யாணத்துக்குன்னு ஃபண்டுல போட்டு வெச்சிருக்கோம்', 'ஃபண்டுலேர்ந்து நகையை மீட்டுண்டு வரணும்', 'அப்பா ஃபண்டுக்குப் போயிருக்கார், இன்னிக்கு வட்டித் தேதி' என்று மூன்று தலைமுறைப் பேச்சில் புழங்கிய சொல் அது. முழுப் பெயர் மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்டு. தொடங்கிய ஆண்டு 1872. இந்தியன் வங்கி பிறப்பதற்கு 35 ஆண்டுகள் முன்பு. தி. நகர் என்ற பேட்டை உருவாவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பு.

2024 ஆகஸ்டில், முதிர்வுத் தொகை திரும்பக் கிடைக்கவில்லை என்று வைப்பாளர்கள் கொடுத்த புகாரின்பேரில் பொருளாதாரக் குற்றப்பிரிவு அதன் நிர்வாக இயக்குநரைக் கைது செய்தது. குற்றம் யாருடையது, எவ்வளவு என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நான் அதற்குள் போகவில்லை. அந்த வாரங்களில் மாட வீதிகளில் கேட்ட பேச்சில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது: 'பேர்லயே பர்மனென்ட்டுன்னு இருக்கே சார்!' அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வைப்பு ரசீதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைத் துணிப்பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். நாற்பது வயதில் பையில் வைக்கும் காகிதத்தை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. எழுபது வயதில், இனிச் சம்பாதிக்க முடியாது என்று தெரிந்த பிறகு, அப்படித்தான் பிடிப்பார்கள். வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பாடம் எடுத்தவர் அவர். தனிவட்டியும் கூட்டுவட்டியும் அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பெயரில் இருந்த ஒரு சொல்லை நம்பினார். அவரை ஏமாளி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அந்தச் சொல்லை அங்கே வைத்தது யார், எந்தப் பொருளில் வைத்தார்கள் என்று தேடுவதுதான் அவருக்கு நாம் காட்டக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

பெயரின் மற்ற மூன்று சொற்களிலும் சிக்கல் இல்லை. மயிலாப்பூர் என்பது இடம். இந்து என்பது, 19ஆம் நூற்றாண்டுச் சென்னையில் சங்கம் அமைத்தவர்கள் தங்களை அடையாளப்படுத்திக்கொண்ட விதம். ஃபண்டு என்பது திரட்டிய பணம். பர்மனென்ட் மட்டும் தனியாக நிற்கிறது. உறுதியானது, அசையாதது, காலாகாலத்துக்கும் இருப்பது என்று நாம் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அடைமொழி புகழ்ச்சிக்காகச் சேர்த்தது என்ற எண்ணம். ஆனால் அது புகழ்மொழியாகப் பிறந்ததல்ல. வேறொரு வகைச் சங்கத்திலிருந்து தன்னைப் பிரித்துக்காட்ட வைத்த தொழிற்பெயர். அந்த வேறு வகை முடிந்துபோகும் வகை.

கதை பர்மிங்காமில் தொடங்குகிறது. 1775இல் அங்கே 'கோல்டன் கிராஸ்' என்ற விடுதியை நடத்திய ரிச்சர்ட் கெட்லி என்பவரின் பெயரில் ஒரு வீட்டுச் சங்கம் அமைந்தது. அந்த வகையில் பதிவாகியிருக்கும் முதல் சங்கம் அதுதான் என்பார்கள். கைத்தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் விடுதியில் கூடுவார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பணம் போடுவார்கள். ஒரு வீடு கட்டப் போதுமான பணம் சேர்ந்ததும், குலுக்கலிலோ ஏலத்திலோ ஒருவருக்கு அது போகும். வீடு பெற்றவர் தொடர்ந்து கட்டிக்கொண்டே வருவார். கடைசி உறுப்பினருக்கும் வீடு கிடைத்த நாளில் சங்கத்தைக் கலைத்துவிடுவார்கள். தொடங்கும்போதே முடிவைக் குறித்துக்கொண்டு தொடங்கும் சங்கம் என்பதால், பின்னாளில் இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'டெர்மினேட்டிங்' என்றே பெயர் வந்தது.

இதைப் படிக்கிற தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. இது சீட்டு.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் ஒரு மாமி சீட்டு பிடித்துவந்தார். இருபது பேர், ஆளுக்கு ஆயிரம், இருபது மாதம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை, அவர் வீட்டுக் கூடத்தில் ஏலம். மொத்தம் 20,000 ரூபாய். மூன்றாம் மாதம் ஒருவருக்குப் பெண்ணின் காலேஜ் ஃபீஸ் வந்து கழுத்தை நெரிக்கும். 'மாமி, இந்த மாசம் எனக்குத்தான் வேணும், எவ்வளவு தள்ளியாவது எடுத்துடறேன்' என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார். அப்படிச் சொல்லாமலிருந்தால் அவருக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளியே கிடைத்திருக்கும். தேவை தெரிந்துவிட்டால் எதிரே இருப்பவர் விடுவாரா? ஏலம் 4,600இல் நிற்கும். அவர் கையில் 15,400 வாங்கிக்கொள்வார். தள்ளிய 4,600இல் மாமிக்குக் கமிஷன், மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்து வீதம், ஆயிரம் ரூபாய். மிச்சம் 3,600 இருபது பேருக்கும் கசராகப் பிரியும், ஆளுக்கு 180. ஆகவே அந்த மாதம் எல்லோரும் கட்டுவது 820தான். கடைசிவரை பொறுமையாக இருந்தவர் இருபதாம் மாதம் ஏறக்குறைய முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டு போவார். மாமி நீலநிற நோட்டில் கடைசிப் பெயருக்கு நேரே டிக் அடித்து, அடியில் இரட்டைக்கோடு போடுவார். சீட்டு முடிந்தது. அடுத்த மாதம் புதுச் சீட்டு, புது நோட்டு.

இதில் நான் கவனிப்பது இரண்டு. ஒன்று, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் கடன் கொடுப்பவர், ஒவ்வொருவரும் கடன் வாங்குபவர். மூன்றாம் மாதம் எடுத்தவர் மீதி 17 மாதமும் கட்டுவாரா என்பது மற்ற எல்லோருடைய கவலை. அவரும் நாளைக்கு முகம் பார்க்க வேண்டியவர். இரண்டு, ஒரு கணக்கு முழுசாக மூடப்படும் நாள் என்று ஒன்று உண்டு. ஏதாவது இடித்தால் அன்று தெரிந்துவிடும். பதிவு செய்யாத வீட்டுச் சீட்டு சட்டப்படி குற்றம், பணத்தோடு ஓடிப்போன சீட்டுக்காரர்கள் கதை ஒவ்வொரு தெருவிலும் உண்டு என்பதை மறந்து இதைச் சொல்லவில்லை. ஓடிப்போனது இருபது மாதத்துக்குள் தெரிந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கெட்லியின் வகைச் சங்கங்களுக்கு ஒரு நோய் இருந்தது. மூன்று வருஷம் ஓடிய சங்கத்தில் புதிதாக ஒருவர் சேர வேண்டுமென்றால், அந்த மூன்று வருஷப் பாக்கியையும் மொத்தமாகக் கட்டினால்தான் மற்றவர்களுக்குச் சமமாக நிற்க முடியும். எந்தக் கூலித்தொழிலாளியிடம் அவ்வளவு பணம் இருக்கும்? ஆகவே புது ஆள் வருவதில்லை. இன்னொரு பக்கம், வீடு வேண்டியவர்கள் எல்லோரும் முதலிலேயே வாங்கிவிட்டால், கடைசிக் காலத்தில் பணம் சேர்ந்து கிடக்கும், கடன் கேட்க ஆள் இருக்காது. சும்மா கிடக்கும் பணம் வட்டி ஈட்டாது, சங்கம் முடியும் நாள் தள்ளிப்போகும். சில சங்கங்களில் குலுக்கல் போட்டு, பெயர் வந்தவர் விரும்பாவிட்டாலும் கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றுகூட விதி வைத்தார்கள்.

1840களில் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். பணம் போடுபவர் தனி, கடன் வாங்குபவர் தனி. யாரும் எப்போது வேண்டுமானாலும் சேரலாம், போட்ட பணத்துக்கு வட்டி வாங்கிக்கொண்டு விலகலாம். கடன் வாங்குபவருக்கு அவரவர் தவணை, அவரவர் கெடு. ஒரு கூட்டத்தின் கணக்கு முடிந்தாலும் சங்கம் முடியாது, ஆள் மாறிக்கொண்டே அது ஓடும். இந்தப் புது வகைக்குத்தான் 'பர்மனென்ட்' என்று பெயர். 1848இல் லீட்ஸ் பர்மனென்ட் வந்தது. 1853இல் ஹாலிஃபாக்ஸ் பர்மனென்ட் பெனிஃபிட் கட்டட, முதலீட்டுச் சங்கம். 'பர்மனென்ட்', 'பெனிஃபிட்' என்ற இரண்டு சொற்களும் அந்த ஒரே பெயரில் அடுத்தடுத்து நிற்பதைப் பாருங்கள். சென்னையில் பர்மனென்ட் ஃபண்டு, பெனிஃபிட் ஃபண்டு என்று பேட்டைக்கொரு பெயர்ப்பலகை எழுந்ததற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டியதில்லை. ஹாலிஃபாக்ஸுக்கும் மயிலாப்பூருக்கும் இடைவெளி 19 ஆண்டுகள். நீதிமன்றத்திலும் அரசு அலுவலகங்களிலும் ஆங்கிலச் சட்டப் புத்தகங்களோடு புழங்கியவர்கள் நிறைந்த மயிலாப்பூருக்கு அது நீண்ட இடைவெளி அல்ல.

ஆக, பர்மனென்ட் என்ற சொல் வைப்பாளரின் பணத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. சங்கத்தின் அமைப்பைச் சொன்னது. உங்கள் பணம் என்றைக்கும் பத்திரம் என்ற பொருள் அதில் இல்லை, உங்கள் கூட்டம் முடிந்த பிறகும் இந்த அலுவலகம் மூடப்படாது என்ற பொருள்தான் இருந்தது. இன்னும் ஒரு படி மேலே போய் என் எண்ணத்தைச் சொல்கிறேன். நிரந்தரம் வந்த அன்றுதான் நிர்வாகி பிறந்தார். கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தவரை நடுவில் ஒரு நோட்டுப் புத்தகம் போதுமாக இருந்தது. அவர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, ஒருவரையொருவர் அறியாதவர்களாக ஆனபோது, நடுவே முழுநேரமாக ஒருவர் உட்கார வேண்டியதாயிற்று. யாருக்குக் கடன், எவ்வளவு, எந்த ஈட்டின் மேல் என்று அவர் தீர்மானிப்பார். கணக்கு மூடும் நாள் என்று ஒன்று இல்லாததால், அவர் தீர்மானித்தது தப்பா சரியா என்பது பல வருஷம் தெரியாமலே போகலாம். இன்று முதிரும் வைப்பை நேற்று வந்த வைப்பிலிருந்து கொடுக்க முடியும். அப்படிக் கொடுக்கிறவரை, உள்ளே பள்ளம் விழுந்திருந்தாலும் வாசலில் நிற்பவருக்குத் தெரியாது.

நிதிகள் எனப்படும் இந்த ஃபண்டுகள் இங்கிலாந்திலிருந்து வந்தனவா, சீட்டிலிருந்து முளைத்தனவா என்ற விவாதம் பழையது. சென்னை மாகாணத்தில் விவசாயக் கடன் வங்கிகள் தொடங்க முடியுமா என்று ஆராய நியமிக்கப்பட்ட ஃபிரடெரிக் நிக்கல்சன், 1895இலும் 1897இலும் வெளிவந்த தன் இரண்டு தொகுதி அறிக்கையில் இந்த மாகாணத்து நிதிகளைப் பற்றியும் விரிவாக எழுதினார். இறுதியில் அவர் பரிந்துரைத்தது ஜெர்மனியின் ரைஃபைசன் முறையிலான கிராமக் கடன் சங்கங்களை. 1904இன் கூட்டுறவுச் சட்டத்துக்குப் பின்னால் அந்த அறிக்கை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னையில் நிதிகள் தோன்றின என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வேர் எது என்பதில்தான் வேறுபாடு.

என் தீர்ப்பு இது. பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. பெயரை ஏற்றுக்கொள்ளத் தேவையான பழக்கம் இங்கேயே இருந்தது. பத்துப் பேர் கூடி மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுப்பது என்பதைத் தமிழ்நாட்டுக்கு யாரும் கப்பலில் கொண்டுவந்து இறக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சங்கத்தின் விதிமுறைகளைப் படித்த ஒரு வக்கீல், தன் அம்மா போடும் சீட்டை அதில் அடையாளம் கண்டிருப்பார். சீட்டு முடிந்துவிடுகிறதே, முடியாத சீட்டு ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என்ற ஆசைக்கு 'பர்மனென்ட்' பதில் சொல்லியிருக்கும். பெயரில் அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்பட்டது என்பதே, முடிந்துபோகும் வகை பக்கத்திலேயே இருந்தது என்பதற்குச் சாட்சி.

ஆனால் லீட்ஸிலும் ஹாலிஃபாக்ஸிலும் பர்மனென்டுக்குப் பக்கத்தில் டெர்மினேட்டிங் வகைச் சங்கங்களும் இருந்தன. எதிர்ச்சொல் கண்ணெதிரே இருந்ததால் சொல்லின் பொருள் நிலைதவறவில்லை. சென்னையில் எதிர்ச்சொல் வந்து சேரவில்லை. முடியும் வகைக்கு இங்கே சீட்டு என்று வேறு பெயர் இருந்தது. இணையை இழந்த சொல் தனியாக நின்றது, நிற்க நிற்க அதன் பொருள் வளர்ந்தது. சில ஊர்களில் அதைச் சாசுவத நிதி என்று மொழிபெயர்த்தார்கள். சாசுவதம் என்பது நாம் ஆத்மாவுக்கும் இறைவனுக்கும் பயன்படுத்தும் சொல். ஒரு சங்கத்தின் கலைப்பு விதியைக் குறித்த சொல் தெய்வத்தின் பண்பைக் குறிக்கும் சொல்லாக மாறியதில் யாரும் யாரையும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. ஆனாலும் அதன் பலன் அந்த ஆசிரியையின் துணிப்பைவரை வந்திருக்கிறது.

நிதி என்ற சொல்லுக்கும் இந்த எடை உண்டு. பழைய கிரயப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிலத்தோடு சேர்த்து நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று எட்டு வகை அனுபவ உரிமைகளையும் எழுதிக் கொடுப்பார்கள். அதில் நிதி என்பது மண்ணுக்குள் புதைந்த செல்வம். கோயில் வாசல்களில் சங்கநிதியும் பதுமநிதியும் குபேரனின் செல்வத்துக்குக் காவலாக நிற்கிறார்கள். புதையல் என்ற நினைப்பு இந்தச் சொல்லை விட்டுப் போகவேயில்லை. 1956ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் 620-ஏ என்ற பிரிவின் வழியாக 'நிதி' இந்தியா முழுமைக்குமான சட்டச் சொல்லாயிற்று. சென்னைப் பேட்டைகளின் வழக்கு டெல்லியின் சட்டப் புத்தகத்தில் ஏறியது. 2013 சட்டத்தின் 406ஆம் பிரிவும் 2014இன் நிதி விதிகளும் அதைத் தொடர்ந்தன. புது விதிகள், இந்த வகைக் கம்பெனியின் பெயர் 'நிதி லிமிடெட்' என்றே முடிய வேண்டும் என்றன. பழைய சட்டத்தில் மத்திய அரசு நிதி என்று அறிவித்த கம்பெனிகள் சுமார் 390தான். 2014க்குப் பிறகு ஐந்தே ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அந்தப் பெயரோடு பதிவாயின. அவற்றில் பெரும்பாலானவை நிபந்தனைகளை நிறைவேற்றியதாக அரசிடம் விண்ணப்பிக்கக்கூட இல்லை. 2021இல் கம்பெனி விவகார அமைச்சகமே, பணம் போடுமுன் நிதி என்ற தகுதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என எச்சரிக்க வேண்டியதாயிற்று.

சீட்டுக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். 2013இல் வங்காளத்தில் சாரதா குழுமம் சரிந்தபோது நாடு முழுக்கப் பத்திரிகைகள் அதைச் 'சிட்ஃபண்டு மோசடி' என்றன. அங்கே நடந்தது சீட்டே அல்ல. ஏலம் இல்லை, முறை இல்லை, முடியும் நாள் இல்லை. பழி மட்டும் சீட்டின் மேல் விழுந்தது. கடைசியில் 2019இல் நாடாளுமன்றம் 1982ஆம் ஆண்டுச் சிட்ஃபண்டு சட்டத்தைத் திருத்தியபோது, களங்கம் படிந்த அந்தப் பெயருக்குப் பதிலாகப் பயன்படுத்திக்கொள்ள 'சகோதரத்துவ நிதி' என்ற பொருளில் ஒரு மாற்றுப் பெயரையும் அனுமதித்தது. கசரை 'டிவிடெண்டு' என்று அழைத்துவந்ததை மாற்றி, தள்ளுபடியில் பங்கு என்று திருத்தியது. இந்தத் திருத்தத்தை நான் மனமார வரவேற்கிறேன். டிவிடெண்டு என்றால் லாபத்தில் பங்கு. 180 ரூபாய் கசர் லாபம் அல்ல, காலேஜ் ஃபீஸ் கட்ட முடியாத ஒருவர் விட்டுக்கொடுத்தது. பெயர் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

தி. நகர் உஸ்மான் சாலையில் போய்ப் பாருங்கள், சீட்டு என்ற சொல் இன்னும் வேறு வேலை செய்துகொண்டிருக்கிறது. நகைக்கடைகளின் நகைச்சீட்டில் ஏலமும் இல்லை, கூட்டாளிகளும் இல்லை. ஒரு தனிக் கடையிடம் பதினோரு மாதம் முன்பணம் கட்டுகிறோம். ஏன் பதினொன்று? பொருளுக்கு வாங்கும் முன்பணம் 365 நாளைத் தாண்டிக் கையில் நின்றால் கம்பெனிச் சட்டப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும், வைப்புத்தொகைக்கான கட்டுப்பாடுகள் எல்லாம் வந்துவிடும். அந்த வேலியை ஒட்டி வகுத்த திட்டத்துக்கு வைத்த பெயர், அம்மாக்கள் கூடத்தில் உட்கார்ந்து போட்ட சீட்டின் பெயர்.

பெயரைத் தாண்டி மனிதர்களை நம்பி ஏமாந்த கதையும் இந்த ஊருக்கு உண்டு. 1906 அக்டோபர் 22ஆம் தேதி கடற்கரைச் சாலையில் இருந்த அர்புத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. பென்ஷன் பணம், விதவைகளின் பணம், கோயில் பணம் எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பெயரில் பர்மனென்ட் என்ற சொல் இல்லை. அதன் இடத்தில் கம்பெனியை நடத்திய சர் ஜார்ஜ் அர்புத்நாட்டின் 'சர்' பட்டம் இருந்தது. சென்னையில் போட்ட பணம் லண்டனில் பங்குதாரரான மெக்ஃபேடியன் நடத்திய சூதாட்டத்தில் கரைந்தது, அங்கே அவர் தற்கொலை செய்துகொண்டார், இங்கே அர்புத்நாட் 18 மாதக் கடுங்காவல் பெற்றார். பணம் இழந்தவர்களுக்காக நின்றவர் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் முன்முயற்சியில் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி வேலையைத் தொடங்கியது. லண்டனில் என்ன நடக்கிறது என்று அறிய மயிலாப்பூர் வைப்பாளருக்கு எந்த வழியும் இல்லை என்பதுதான் அந்த வீழ்ச்சியின் உள்ளடக்கம். 1990களின் இறுதியில் தொடங்கி, ராயப்பேட்டையின் பெயரையும் ஆழ்வார்பேட்டையின் பெயரையும் தாங்கிய பெனிஃபிட் ஃபண்டுகள் முறிந்தபோதும் அதே கேள்விதான் எழுந்தது. 2000இல் சபாநாயகம் குழு நிதிகளை ஆராய்ந்தது, விதிகள் இறுகின.

விதிகள் மோசமானவை அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவற்றைப் படித்தால், பழைய கூடத்தின் நெருக்கத்தைச் சட்டமாக எழுதி வைக்க யாரோ உண்மையாக முயன்றிருப்பது தெரியும். நிதி தன் உறுப்பினர்களிடம் மட்டுமே பணம் வாங்கலாம், உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் கொடுக்கலாம். ஈடில்லாத கடன் கூடாது. தங்கம், வெள்ளி, நகை, வீடு, நிலம், வைப்பு ரசீது, அரசுப் பத்திரம், காப்பீட்டுப் பாலிசி என்று ஈடுகளின் பட்டியல் உண்டு. சீட்டு நடத்தக் கூடாது. வைப்புக் கேட்டு விளம்பரம் செய்யக் கூடாது. சொந்த நிதியைப் போல் இருபது மடங்குக்கு மேல் வைப்பு வாங்கக் கூடாது. வைப்புகளில் பத்தில் ஒரு பங்கை வில்லங்கமில்லாமல் வங்கியில் போட்டு வைத்திருக்க வேண்டும். வைப்பாளர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது பத்துப் பங்குகளோ, நூறு ரூபாய்க்குச் சமமான பங்குகளோ கொடுத்தாக வேண்டும்.

அதாவது ரசீதை மார்போடு அணைத்து நின்ற ஆசிரியை அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் மட்டுமல்லர். உரிமையாளர்களில் ஒருவர். வாக்குரிமை உள்ளவர். எந்த உறுப்பினரும் மொத்த வாக்குகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் செலுத்த முடியாது என்று பெரிய கைகளுக்குச் சட்டம் கட்டுப்போட்டும் இருக்கிறது. ஆனால் 2015இல் நிதிகளுக்கு மத்திய அரசு கொடுத்த விதிவிலக்குகளில் ஒன்று இது: ஆயிரம் ரூபாய்க்கு மேல் முகமதிப்புள்ள பங்குகள் இல்லாத உறுப்பினருக்கு ஆண்டுக் கணக்கை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஆண்டுக் கூட்டம் எப்போது, எங்கே என்று செய்தித்தாளில் ஓர் அறிவிப்பும், அலுவலகத் தகவல் பலகையில் கணக்கின் ஒரு பிரதியும் போதும். நூறு ரூபாய்ப் பங்கோடு பத்து லட்சம் வைப்பு வைத்திருக்கும் முதியவர் இந்த விதியின் கணக்கில் சின்ன ஆள். தபால் செலவை மிச்சப்படுத்த வைத்த சலுகையாக இருக்கலாம். ஆனால் வைப்பாளருக்கும் கடனாளிக்கும் நடுவே நிற்கும் நிர்வாகி என்ன செய்கிறார் என்று பார்க்கக் கிடைத்த ஒரே சன்னலை இது ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி வைத்துவிட்டது. வங்கியில் போட்ட பணத்துக்கு ஐந்து லட்சம்வரை காப்பீடு உண்டு, நிதியில் போட்ட பணத்துக்கு அது கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சன்னல் எவ்வளவு அவசியம் என்பது விளங்கும்.

பெயரைத் தந்த ஊர்களில் என்ன ஆயிற்று? லீட்ஸ் பர்மனென்ட் 1995இல் ஹாலிஃபாக்ஸோடு இணைந்தது. ஹாலிஃபாக்ஸ் 1997இல் வங்கியாக மாறி, 2008 நெருக்கடியில் தள்ளாடி, 2009 ஜனவரியில் லாயிட்ஸின் கைக்குப் போனது. இங்கிலாந்தின் கடைசி டெர்மினேட்டிங் சங்கம் 1980இல் தன் கணக்கை முடித்துக்கொண்டது. அது தோல்வி அல்ல, முடிவதற்காகவே தொடங்கியது.

சென்னையில் பர்மனென்ட், சாசுவதம், பெனிஃபிட் என்ற சொற்களைத் தாங்கிய ஃபண்டுகள் இன்னும் இருக்கின்றன. நேர்மையாக நடப்பவையும் அவற்றில் உண்டு. ஒழுங்காக நகைக்கடன் கொடுத்து, ஒழுங்காக வட்டி கொடுத்துவரும் சின்ன ஃபண்டுகளை நம்பி வாழும் குடும்பங்கள் இந்தப் பேட்டைகளில் நிறைய. பெயரை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை, 150 ஆண்டுப் பழக்கத்தைப் பெயர்ப்பலகையிலிருந்து சுரண்டி எடுக்க முடியாது. கேட்பது ஒன்றுதான். சொந்த நிதி எவ்வளவு, அதற்கு எத்தனை மடங்கு வைப்பு, வங்கியில் வில்லங்கமின்றி எவ்வளவு, கடன்களில் வட்டி வராதவை எத்தனை என்ற நான்கு எண்களையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தணிக்கையாளர் கையெழுத்தோடு, தமிழில், வட்டி வாங்க வரிசையில் நிற்கும் கவுன்ட்டருக்கு மேலே, கண்ணாடி போட்டவர்கள் படிக்கும் அளவில் எழுதிவைக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த எண்களைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் அந்த வரிசையில் ஏராளமாக நிற்கிறார்கள். அவர்களில் பலர் கணக்கு வாத்தியார்கள்.